உருவம் ஒன்று, இனம் வேறு: பறவைகளை மரபணுவால் பிரித்தறியும் முறை

நீலகிரியின் சோலைக் காடுகளிலும் பழனி மலையின் சோலைக் காடுகளிலும் தரையை ஒட்டிய புதர்களில் கருநீலச் சாயல் கொண்ட ஒரு சிறு பறவை வாழ்கிறது. சோலைக்கிளி என்று இன்று அழைக்கப்படும் அதற்கும் கிளிக்கும் உறவில்லை. அது ஈப்பிடிப்பான்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. நீலகிரிப் பறவைக்கு வயிற்றின் பக்கங்கள் செம்பழுப்பாகவும் பழனிப் பறவைக்கு வயிறு வெண்மையாகவும் இருக்கும் என்பதைத் தவிரப் பெரிய வேறுபாடு தெரியாததால், நெடுங்காலம் இரண்டையும் ஒரே இனத்தின் இரு வடிவங்களாகவே பலரும் கருதினர். ஒரு காலத்தில் குட்டைச் சிறகிகளின் பேரினமான பிராக்கிப்டெரிக்ஸிலும், பின்னர் மையோமெலா பேரினத்திலும் வைக்கப்பட்ட இப்பறவைகளுக்கு, வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017இல் சோலிகோலா என்ற புதிய பேரினத்தை அமைத்தனர். அதே ஆய்வில், செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் வாழும் பறவை மூன்றாவது இனமாக, சோலிகோலா அசம்புவென்சிஸ் என்ற பெயரில் விவரிக்கப்பட்டது. அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த முறையை, பறவை ஆய்வில் இறங்கும் மாணவர்களுக்கும், ஆய்வகத்துடன் இணைந்து பணியாற்ற விரும்பும் பறவை நோக்கர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே விளக்குகிறேன்.

எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம்?

மரபணு ஆய்வில் இறங்குமுன் இரண்டு கேள்விகளைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். "இந்த இறகு, ஏற்கெனவே அறியப்பட்ட இன்னின்ன இனங்களில் எதனுடையது?" என்பது ஒரு கேள்வி. "இந்த மலைப் பறவையும் அந்த மலைப் பறவையும் ஓர் இனமா, ஈரினமா?" என்பது முற்றிலும் வேறான கேள்வி. முதலாவதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு மாதிரியும், உயிரணுக்குள் தனக்கெனத் தனி டி.என்.ஏ. கொண்ட உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு துண்டு டி.என்.ஏ.வும், ஒப்பிடுவதற்கு நம்பத்தக்க டி.என்.ஏ. எழுத்து வரிசைகளும் போதும். இரண்டாவதற்குப் பல இடங்களிலிருந்து பல பறவைகளும், ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்களும், பாட்டு, உடலளவு, நிறம் ஆகியவை பற்றிய சான்றுகளும் வேண்டும். முதல் கேள்விக்குப் போதுமான சான்றை வைத்துக்கொண்டு இரண்டாம் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்வதுதான் இத்துறையில் அடிக்கடி நிகழும் பிழை என்பது என் கருத்து. எனவே கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவைத்துவிட்டு, எந்த முடிவு வந்தால் என்ன பொருள் கொள்வோம் என்பதையும் மாதிரி எடுப்பதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது.

அனுமதியும் மாதிரியும்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி காட்டுப் பறவையைப் பிடிப்பதற்கு மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். இறந்து கிடக்கும் பறவையையோ அதன் இறகையோ எடுத்து வைத்துக்கொள்வதும் அச்சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும் என்பதைப் பறவை ஆர்வலர்கள் பலர் அறிவதில்லை. மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நினைத்தால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளையும் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே தனிமனிதராகத் தொடங்காமல், அனுமதி பெற்ற ஆய்வு நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து செயல்படுவதே முறையான வழி. கோவையை அடுத்த ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையம், வண்டலூரில் உள்ள உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம், ஐதராபாத்தில் உள்ள லாகோன்ஸ் ஆய்வகம் ஆகியவை வன உயிரின ஆய்வில் அனுபவம் உள்ளவை.

உயிருள்ள பறவையிடமிருந்து மாதிரி எடுப்பதற்கு மிஸ்ட் நெட் எனப்படும் மெல்லிய வலையில் பிடித்து, இறக்கையின் உட்புறம் ஓடும் சிரையை நுண்ணிய ஊசியால் குத்தி, கசியும் குருதியைத் தந்துகிக் குழாயில் ஏற்றுவது வழக்கமான முறை. எடுக்கும் குருதி பறவையின் உடல் எடையில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 10 கிராம் எடையுள்ள கதிர்க்குருவிக்கு அது ஏறத்தாழ 100 மைக்ரோலிட்டர். உண்மையில் அவ்வளவும் தேவைப்படுவதில்லை. பாலூட்டிகளின் சிவப்பணுக்களைப் போலன்றிப் பறவைகளின் சிவப்பணுக்களில் உட்கரு இருப்பதால், 20 மைக்ரோலிட்டர் குருதியிலேயே பல சோதனைகளுக்குப் போதுமான டி.என்.ஏ. கிடைத்துவிடும். அதை 95 விழுக்காடு எத்தனாலிலோ அதற்கென உள்ள பாதுகாப்புக் கரைசலிலோ இட்டு, குழாயின் மீது பென்சிலால் எண் எழுத வேண்டும். எத்தனால் கசிந்தால் சாதாரணப் பேனா மை கரைந்துவிடும்; எண் அழிந்த மாதிரியால் எந்தப் பயனும் இல்லை. பழக்கமும் பயிற்சியும் இல்லாதவர் இந்த வேலையில் கை வைக்கவே கூடாது. சிறு பறவை அச்சத்தாலேயே இறந்துவிட நேரும்.

இறகு மட்டுமே கிடைத்திருந்தால் அதன் எந்தப் பகுதியைப் பயன்படுத்துகிறோம் என்பது முக்கியம். தோலில் பதிந்திருந்த அடிமுனையைத்தான் பலரும் வெட்டி எடுக்கிறார்கள். ஆனால் இறகைக் கையில் பிடித்து அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே வந்தால், வழவழப்பான வெறுந்தண்டு முடிந்து இழைகள் தொடங்கும் இடத்தில், உட்புறத்தில் சிறு புள்ளி போன்ற ஒரு துளை தெரியும். இறகு வளர்ந்த காலத்தில் அதற்குள் ஓடிய குருதி அந்த இடத்தில் உறைந்து நின்றிருக்கும். பெரிய இறகுகளில் அந்த உறைவைக் கூரிய கத்தியால் பிளந்து எடுத்தால், அடிமுனையில் கிடைப்பதைவிடத் தரமான டி.என்.ஏ. கிடைக்கும். இறகைப் பிளாஸ்டிக் உறையில் வைத்தால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் காகித உறையில் உலர்வாக வைக்க வேண்டும். இடம், நாள், உயரம், கண்டெடுத்தவர் ஆகிய விவரங்களை உறையின் மீதே எழுதிவிட வேண்டும்.

அருங்காட்சியகங்களில் உள்ள பழைய பதப்படுத்திய பறவைகளின் கால் விரலடித் திசுவும் பயன்படும். அவற்றில் டி.என்.ஏ. சிறு துண்டுகளாகச் சிதைந்திருக்கும். புதிய மாதிரிகள் நுழையாத தனி அறையில்தான் அவற்றைக் கையாள வேண்டும்.

ஆய்வகத்தில்

புரோட்டினேஸ் கே என்ற நொதியுடன் 56 டிகிரி செல்சியஸில் திசுவை இரவு முழுவதும் வைத்துச் செரிக்கச் செய்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதும், இறகானால் அதன் கெரட்டின் கரைவதற்காக டைதியோத்ரெய்டால் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பதும், பிறகு பி.சி.ஆர். முறையில் தேவையான துண்டைப் பெருக்குவதும் எந்த மூலக்கூறு ஆய்வகத்திலும் அன்றாடம் நடப்பவை. பறவைகளுக்கு வழக்கமாகத் தேர்ந்தெடுக்கப்படுபவை மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.1, சைட்டோகுரோம் பி, என்.டி.2 ஆகிய மரபணுக்கள். சி.ஓ.1இன் 648 எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்னும் டி.என்.ஏ. அலகுகள்) கொண்ட பகுதிதான் டி.என்.ஏ. பார்கோடு என்று அறியப்படுவது. நெருங்கிய இனங்களின் பிரிவை ஆராய்பவர்கள் 1,041 எழுத்துகள் கொண்ட என்.டி.2ஐப் பெரிதும் விரும்புவார்கள். அது சற்று வேகமாக மாறுவதால் அண்மைக் காலப் பிரிவுகளும் அதில் புலப்படும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், உங்கள் பறவையின் உறவினங்களுக்கு எந்த மரபணுவின் வரிசைகள் ஏற்கெனவே பொதுத் தரவகங்களில் அதிகம் உள்ளன என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

ஒவ்வொரு பி.சி.ஆர். தொகுதியிலும் டி.என்.ஏ. சேர்க்காத ஒரு வெற்றுக் குழாயைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். பெருகிய டி.என்.ஏ. இருப்பதைக் காட்டும் பட்டை அந்த வெற்றுக் குழாய்க்கும் தெரிந்தால் அன்றைய தொகுதி முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும். மனம் இரங்கி ஒன்றிரண்டைக் காப்பாற்ற முயலக் கூடாது.

அதே டி.என்.ஏ.வைக் கொண்டு சி.எச்.டி. மரபணுவின் ஒரு பகுதியைப் பெருக்கினால் பறவையின் பாலினமும் தெரியும். பெண் பறவைக்கு இசட், டபிள்யூ என இருவேறு பால் குரோமோசோம்கள் இருப்பதால் இரண்டு பட்டைகளும், ஆணுக்கு ஒரு பட்டையும் தோன்றும். செலவு குறைந்த இந்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். ஏனெனில், இன வேறுபாடு என்று நாம் எண்ணும் உடலளவு வேறுபாடு சில நேரங்களில் வெறும் பால் வேறுபாடாக இருந்துவிடும்.

வரிசையை நம்பலாமா?

வரிசையிடும் நிலையத்திலிருந்து வரும் கோப்பில் நான்கு நிறங்களில் ஏறி இறங்கும் கோடுகள் இருக்கும். எழுத்துகளை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போய்விடாமல் அந்தக் கோடுகளைக் கண்ணால் பார்ப்பதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே ஒரு கூரிய முகடு இருந்தால் நல்ல வரிசை. ஓரிடத்தில் சிவப்பு முகட்டுக்கு அடியிலேயே நீல முகடு ஒன்றும் எழுந்திருந்தால் அங்கே இரண்டு வகை டி.என்.ஏ. கலந்திருக்கிறது என்று பொருள். மாதிரிகள் ஒன்றோடொன்று கலந்ததால் அது நேர்ந்திருக்கலாம். மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் பழைய நகல் ஒன்று உட்கருவுக்குள் சென்று தங்கியிருந்து, அதுவும் சேர்ந்து பெருகியதால் இருக்கலாம். பறவைக் குருதியில் உட்கரு டி.என்.ஏ. மிகுந்தும் மைட்டோகாண்ட்ரியா குறைந்தும் இருப்பதால் இரண்டாவது ஆபத்து குருதி மாதிரிகளில் கூடுதல். ஐயம் எழுந்தால் தசையிலிருந்தோ இறகிலிருந்தோ மறுபடி எடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

போலி நகலைக் கண்டறிய எளிய வழி, வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்துப் பார்ப்பது. உண்மையான மரபணுவின் நடுவே, புரதம் அங்கே முடிகிறது என்று காட்டும் நிறுத்தக் குறி வராது. செயலிழந்த நகலில் பெரும்பாலும் வந்துவிடும். இதற்கு மென்பொருளில் முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்கான குறியீட்டு அட்டவணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொது அட்டவணையில் டி.ஜி.ஏ. என்பது நிறுத்தக் குறி. மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். அட்டவணையை மாற்ற மறந்தால், நல்ல வரிசையும் போலியாகத் தோன்றும்.

ஒப்பிடுவதும் விழுக்காடும்

வரிசை சரியென்று தெரிந்ததும் ஜென்பேங்க், போல்ட் ஆகிய தரவகங்களில் தேடிப் பார்க்கலாம். "99 விழுக்காடு ஒற்றுமை" என்று திரையில் வந்தவுடன் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். தரவகத்தில் உள்ள இனங்களுக்குள் எது மிக நெருக்கமானது என்பதைத்தான் அந்தத் தேடல் சொல்லும். உங்கள் பறவையின் உண்மையான இனம் அங்கே இல்லாவிட்டால், அடுத்துள்ள உறவினத்தின் பெயரையே அது காட்டும். தவறாக அடையாளம் கண்ட பறவையின் வரிசை தவறான பெயரிலேயே பதிவாகியிருப்பதும் உண்டு. பெயர்கள் காலத்துக்குக் காலம் மாறுவதால் சோலைக்கிளியின் வரிசைகளை இன்றைய பெயரில் மட்டும் தேடுவது போதாது. பிராக்கிப்டெரிக்ஸ், மையோமெலா ஆகிய பழைய பெயர்களிலும் தேட வேண்டும். முடிந்தவரை, அருங்காட்சியக மாதிரியோ படமோ பாட்டுப் பதிவோ இணைக்கப்பட்ட வரிசைகளை மட்டும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வது நல்லது.

2004இல் பால் ஹெபர்ட்டும் அவருடைய குழுவினரும் 260 வட அமெரிக்கப் பறவையினங்களின் பார்கோடுகளை ஒப்பிட்டபோது, ஓர் இனத்துக்குள் உள்ள வேறுபாட்டைப் போல் சராசரியாக 18 மடங்கு வேறுபாடு நெருங்கிய இனங்களுக்கிடையே இருந்தது. அந்த முடிவுக்குப் பிறகு "2 விழுக்காடு வேறுபட்டால் வேறினம்" என்பது போன்ற எளிய அளவுகோல்கள் பரவின. 648 எழுத்துகளில் 2 விழுக்காடு என்பது ஏறத்தாழ 13 எழுத்துகள். பதின்மூன்று வந்தால் ஈரினம், பன்னிரண்டு வந்தால் ஓரினம் என்று இயற்கை எந்த விதியும் வகுத்துக்கொள்ளவில்லை. ஒரே விழுக்காட்டை எல்லாக் குடும்பங்களுக்கும் பொருத்துவதைவிட, அதே குடும்பத்தில் ஐயமின்றித் தனித்தனி இனங்கள் என்று ஏற்கப்பட்டவை எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளந்து, உங்கள் பறவைகளின் வேறுபாட்டை அதன் அருகே வைத்துப் பார்ப்பதே பொருத்தமான வழி.

தொலைவுக் கணக்கோடு மரபுக்கிளை மரத்தையும் வரைந்து பார்க்க வேண்டும். தொடக்க நிலையில் மெகா மென்பொருள் போதும். கட்டுரைக்கென்றால் ஐக்யூ-ட்ரீ போன்றவற்றைப் பயன்படுத்துவார்கள். ஒவ்வொரு மலையின் பறவைகளும் தனிக் கிளையாகச் சேர்கின்றனவா, அந்தக் கிளையை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் ஆதரவு மதிப்பு எவ்வளவு என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

மைட்டோகாண்ட்ரியா ஏமாற்றும் இடங்கள்

மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டுமே இறங்குகிறது. ஆகவே அது சொல்வது தாய்மரபின் வரலாற்றை மட்டுமே. இரண்டு இனங்கள் எப்போதோ கலந்திருந்தால், ஓர் இனத்தின் உடலுக்குள் மற்றோர் இனத்தின் மைட்டோகாண்ட்ரியா இருக்கக்கூடும். கலப்பினப் பறவையோ தாயின் இனமாகவே பதிவாகும்.

இது மூன்று வகையில் நம்மைத் தவறான வழியில் செலுத்தும். பெரிய கடற்காகங்கள் பலவற்றில் இனங்கள் வேறாக இருந்தும் பார்கோடு ஒன்றாகவே இருக்கிறது. தனுஷ்கோடிக் கரையில் குளிர்காலத்தில் வந்து நிற்கும் பெரிய கடற்காகங்களைப் பிரிக்க ஒரே ஒரு மைட்டோகாண்ட்ரியா துண்டை நம்புபவர் ஏமாற்றமடைவார். இதற்கு நேர்மாறானது அண்டங்காக்கையின் உறவான ரேவன் காக்கை. அமெரிக்காவின் மேற்கே அதன் மைட்டோகாண்ட்ரியாவில் மிகப் பழைமையான இரு மரபுகள் உள்ளன. 2018இல் வெளிவந்த ஆய்வோ, பிரிந்து வளர்ந்த அவ்விரு மரபுகளும் மீண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று காட்டியது. அங்கே மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பார்த்தவர் ஒரே இனத்தை இரண்டாக்கியிருப்பார். மூன்றாவது, கிழக்கு வட அமெரிக்காவின் பொன்சிறகு, நீலச்சிறகுக் கதிர்க்குருவிகள். நிறத்தில் எளிதாகப் பிரித்தறியக்கூடிய இவ்விரண்டின் முழு மரபுத்தொகுதியையும் 2016இல் ஒப்பிட்டபோது அவை 99.97 விழுக்காடு ஒத்திருந்தன. ஆறு சிறு பகுதிகளில்தான் தெளிவான வேறுபாடு இருந்தது. அவற்றுள் சில, இறகின் நிறத்தோடும் வளர்ச்சியோடும் தொடர்புடைய மரபணுக்களின் அருகில் இருந்தன.

எனவே, ஓர் இனமா ஈரினமா என்ற கேள்விக்கு உட்கரு டி.என்.ஏ.வையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பறவையின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஏறத்தாழ 17 ஆயிரம் எழுத்துகள். உட்கருவில் இருப்பவையோ 100 கோடிக்கும் மேல். அதில் சில இன்ட்ரான்களை (மரபணுவுக்குள் புரதத்தைக் குறிக்காத பகுதிகளை) மட்டும் வரிசையிடுவது பழைய முறை. இப்போது ராட் வரிசைமுறையால் ஆயிரக்கணக்கான இடங்களில் உள்ள ஒற்றை எழுத்து வேறுபாடுகளைத் திரட்டி, பறவைகள் தாமாகவே எத்தனை குழுக்களாகப் பிரிகின்றன என்று பார்க்கிறார்கள்.

எங்கிருந்து, எத்தனை பறவைகள்?

தொடர்ச்சியாகப் பரவியுள்ள ஓர் இனத்தின் வடகோடியிலும் தென்கோடியிலும் மட்டும் மாதிரி எடுத்தால், நடுவில் உள்ள படிப்படியான மாற்றம் மறைந்து, இரண்டும் தனித்தனி இனங்கள் போலத் தோன்றும். இடைவெளி பறவையில் உள்ளதா, நம் மாதிரிகளில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சோலைக்கிளி ஆய்வின் வலிமையே இதில்தான் இருக்கிறது. 2010இல் வெளிவந்த ராபின் குழுவினரின் முந்தைய ஆய்வு, பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் ஆகிய இரண்டின் இருபுறமும் இருந்த பல மலைகளில் மாதிரி எடுத்தது. ஒரு மலைத்தொகுதிக்குள் இருந்த பறவைகள் ஒன்றோடொன்று நெருங்கியும், கணவாயைத் தாண்டியவுடன் விலகியும் இருந்தன. அதாவது, மரபுப் பிரிவின் எல்லையும் நிலத்தின் எல்லையும் ஒரே இடத்தில் விழுந்தன. இதே மலைகளில் வாழும் சிரிப்பான்களிலும் அவ்வாறே பிரிவு இருந்ததால், 2017இல் அவற்றுக்கு மான்டிசிங்க்லா என்ற பேரினம் அமைக்கப்பட்டது; பாணாசுரம், நீலகிரி ஆகிய இரு இனங்கள் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கேயும், பழனி, அசம்பு ஆகிய இரு இனங்கள் தெற்கேயும் உள்ளன. தொடர்பில்லாத இரண்டு பறவைக் குழுக்கள் ஒரே கணவாயில் பிரிந்து நிற்பது, ஒரு குழுவில் மட்டும் கிடைக்கும் எந்த விழுக்காட்டையும்விட எனக்கு வலுவான சான்றாகப் படுகிறது.

எத்தனை பறவைகள் என்பதற்கு ஒரே விடை இல்லை. ஓரிடத்துக்கு ஒரு பறவை என்பது போதாது. அந்த ஒன்று தவறான மாதிரியாக இருந்தால் அந்த மலையே தவறாகிவிடும். ஓரிடத்தில் ஐந்தாறு பறவைகளேனும் இருந்தால் இனத்துக்குள் உள்ள வேறுபாடு ஓரளவு புலப்படும்.

மீண்டும் காட்டுக்கு

கணவாயால் பிரிந்த பறவைகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை என்பதால், அவை கலக்குமா என்று நேரடியாகப் பார்க்க முடியாது. அந்த இடத்தில் பாட்டு பெரிதும் உதவுகிறது. வடக்குப் பறவையின் பாட்டும் தெற்குப் பறவையின் பாட்டும் வேறுபடுகின்றனவா என்று பதிவு செய்து அலைவரிசைப் படமாக ஒப்பிடலாம். ஒன்றின் பாட்டை மற்றதன் எல்லையில் ஒலிக்கவிட்டு அது எதிர்வினை காட்டுகிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் இனப்பெருக்கக் காலத்தில் இதை மீண்டும் மீண்டும் செய்வது பறவையை அலைக்கழிக்கும் என்பதால், அனுமதியோடும் அளவோடும் செய்ய வேண்டும். இமயமலைக் காட்டுப் பூங்குருவியின் கதை பாட்டிலிருந்தே தொடங்கியது. 2009இல் அருணாசலப் பிரதேசத்தில் பெர் ஆல்ஸ்ட்ரோமும் ஷஷாங்க் தால்வியும், ஊசியிலைக் காட்டுக்குள் பாடும் பறவையின் இனிய பாட்டும், மர எல்லைக்கு மேலே பாறைகளில் பாடும் பறவையின் கரகரப்பான பாட்டும் வேறுவேறு என்று கவனித்தனர். அருங்காட்சியக மாதிரிகளின் அளவுகளும் டி.என்.ஏ.வும் அதை உறுதிசெய்தபின், காட்டுப் பறவைக்கு 2016இல் சலீம் அலியின் பெயரில் சூத்தெரா சலிமாலியை என்று பெயரிடப்பட்டது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வரும் இளம்பச்சைக் கதிர்க்குருவியையும், காக்கசஸ் பகுதியிலிருந்து வரும் பச்சைக் கதிர்க்குருவியையும் மரக்கிளைகளுக்குள் நிறத்தால் பிரிப்பது கடினம். மரபணுவில் அவை தனித்தனி மரபுகள். முதலாவதன் அழைப்பொலி ஈரசையாகவும் இரண்டாவதன் ஒலி மூவசையாகவும் இருப்பதை அறிந்தவர், ஓர் இறகையும் தொடாமல் காட்டில் நின்றபடியே அவற்றைப் பிரித்துவிடுவார்.

வேலை முடிந்ததும், வரிசைகளை ஜென்பேங்கில் பதிவு செய்யும்போது பறவையின் பெயரோடு நிறுத்தாமல், மாதிரி எடுத்த இடத்தின் அமைவிடப் புள்ளிகள், உயரம், நாள், பாலினம், மாதிரி பாதுகாக்கப்பட்டுள்ள நிறுவனம், அதன் எண் ஆகியவற்றையும் நிரப்ப வேண்டும். பாட்டுப் பதிவிருந்தால் அதைப் பொது ஒலித் தரவகம் ஒன்றில் ஏற்றி, அதன் எண்ணையும் சேர்க்க வேண்டும். இனப் பெயரில் ஐயம் இருந்தால் பேரினப் பெயரை மட்டும் எழுதி, இனத்தின் இடத்தைத் திறந்தே விட வேண்டும்.